ஹலாலா என்று பார்க்கிறோம். தய்யிபா என்று பார்க்கிறோமா?

 

 

உணவைப் பற்றித் திருமறை பேசும் இடங்களில் இரண்டு சொற்கள் இணைந்து வருவதைக் காண்கின்றோம். ஒன்று ஹலால், மற்றொன்று தய்யிப். பூமியில் உள்ளவற்றில் அனுமதிக்கப்பட்டதாகவும் தூய்மையானதாகவும் இருப்பவற்றை உண்ணுமாறு மனிதகுலம் முழுவதையும் அழைத்து அல்லாஹ் கட்டளையிடுகின்றான் (அல்குர்ஆன் 2:168). முதற்சொல்லை நாம் நன்றாகப் பற்றிக் கொண்டோம். இறைச்சிக் கடையில் அறுத்தவர் யார் என்று விசாரிக்கின்றோம். மிட்டாய் பாக்கெட்டில் ஜெலட்டின் கலந்திருக்கின்றதா என்று தேடுகின்றோம். பச்சைப் புள்ளி இருந்தால் மனநிறைவு கொள்கின்றோம். இவையெல்லாம் பாராட்டுக்குரிய பேணுதல்களே. ஆனால் இரண்டாவது சொல்லை என்ன செய்தோம்? உடலுக்கு நன்மை தருவதா, தீங்கு தருவதா என்று அதே பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

இன்றைய குத்பாவில் அந்த இரண்டாவது சொல்லைக் குறித்து, குறிப்பாகத் தொழிற்சாலைகளில் தயாராகிப் பாக்கெட்டுகளிலும் பாட்டில்களிலும் வரும் உணவுகளில் கலக்கப்படும் இனிப்பைக் குறித்துச் சிந்திப்போம்.

மேலே உலர்ந்த தானியம், உள்ளே ஈரம்

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதி வழியே சென்றபோது ஒரு வியாபாரி தானியத்தைக் குவித்து வைத்திருந்தார். நபியவர்கள் அக்குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். மேற்புறம் உலர்ந்திருந்தது, விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

அந்த வியாபாரி தானியத்தில் நஞ்சு எதையும் கலக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பொய்யும் சொல்லவில்லை, கேட்டவுடன் உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் செய்ததெல்லாம் நல்லதை மேலேயும் குறையுள்ளதைக் கீழேயும் வைத்ததுதான். அதுவே அவ்வளவு பெரிய எச்சரிக்கைக்கு உரியதாயிற்று.

சென்ற ரமளானில் இஃப்தார் முடிந்து மக்ரிப் தொழுகையும் முடிந்தபின், பள்ளிவாசல் முற்றத்தில் கிடந்த காலிப் பாக்கெட்டுகளைச் சிறுவர்களோடு சேர்ந்து பொறுக்கினேன். பத்து ரூபாய்க்கு விற்கும் பழபானம். முன்பக்கத்தில் பனித்துளி படர்ந்த மாம்பழத்தின் படம். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் உட்பொருட்களின் பட்டியல். முதலில் தண்ணீர், அடுத்து சர்க்கரை, அதற்கும் பிறகே மாம்பழக் கூழ். நூறு மில்லியில் 13 கிராம் சர்க்கரை. பாக்கெட்டின் அளவோ 160 மில்லி. கணக்கிட்டால் ஏறத்தாழ 21 கிராம். ஒரு தேக்கரண்டிக்கு ஐந்து கிராம் என்று வைத்தால் நான்கு தேக்கரண்டிச் சீனி. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று அதில் இரண்டைக் குடித்திருந்தது. அன்று அந்த நபிமொழி என் நினைவுக்கு வந்தது. முன்பக்கம் உலர்ந்த தானியம், பின்பக்கம் ஈரம்.

கரும்பு விளையும் மண்ணில்

திருச்சிராப்பள்ளிவாசிகளாகிய நாம் இனிப்புக்குப் புதியவர்கள் அல்லர். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே திருவரங்கம் தீவாக அமைந்திருக்கின்றது. அதன் கிழக்கே திருவளர்சோலைப் பக்கம் விளையும் செங்கரும்பு ஒவ்வொரு தைமாதமும் காந்தி மார்க்கெட்டில் வந்து குவிகின்றது. லால்குடி வட்டாரத்துக் கரும்பு ஆலைக்குச் சென்று சீனியாகின்றது. சர்க்கரை என்ற நம் சொல்லும் ஸுக்கர் என்ற அரபிச் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. இந்த மண்ணில் கற்ற சீனி காய்ச்சும் கலையை மத்தியதரைக் கடல் நாடுகள்வரை கொண்டு சென்றவர்களில் முஸ்லிம் வணிகர்களும் விவசாயிகளும் முக்கியமானவர்கள்.

மார்க்கமும் இனிப்பை வெறுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள் (புகாரீ). ஆகவே இனிப்பு ஹராம் என்று எவரும் கூற முடியாது. அவ்வாறு கூறுவதும் அல்லாஹ் அனுமதித்ததைத் தடுக்கும் குற்றமாகிவிடும்.

மாறியிருப்பது இனிப்பு வரும் வழியும் அளவுமே. நம் பாட்டனார் காலத்தில் இனிப்பு ஒரு நாளைக்குரியது. பெருநாள், நிக்காஹ், பெயர்சூட்டு என்று அதற்கொரு காரணம் வேண்டும். உண்பவருக்கும் தாம் இனிப்பு உண்கின்றோம் என்று தெரியும். இன்றோ காலையில் பாலில் கலக்கும் மாவில், பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் பிஸ்கட்டில், ரொட்டியில் தடவும் ஜாமில், தக்காளி சாஸில், மாலையில் குடிக்கும் பானத்தில் என்று இனிப்பு அழைக்கப்படாமலேயே வந்து அமர்ந்திருக்கின்றது. இனிப்பு உண்டோம் என்ற உணர்வே இல்லாமல் நாள் முழுவதும் உண்கின்றோம்.

இதன் விளைவை எண்களில் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் தலைமையேற்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023 ஜூனில் வெளியாயிற்று. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசலில் நிற்பவர்கள் மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர். தமிழகத்தில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டு. அதாவது, ஏழு பேரில் ஒருவருக்கு. தொழுகைக்கு நிற்கும் ஒரு வரிசையில் இருபத்தொரு பேர் இருந்தால் அதில் மூவர்! இதற்குச் சீனி மட்டுமே காரணம் என்று கூறுவது நேர்மையாகாது. பரம்பரை, உடலுழைப்பின்மை, உடற்பருமன், தீட்டிய அரிசி ஆகிய அனைத்திற்கும் பங்குண்டு. ஆனால் இனிப்புப் பானங்கள் உடற்பருமனையும் இரண்டாம் வகை நீரிழிவையும் பற்சிதைவையும் கூட்டுகின்றன என்பதில் மருத்துவ உலகில் ஐயமில்லை.

எவ்வளவு உண்ணலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒருவர் ஒருநாளில் பெறும் மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்திற்கும் குறைவாகவே தனிச்சர்க்கரையிலிருந்து வர வேண்டும். ஐந்து சதவீதத்திற்குள் நிறுத்திக்கொண்டால் மேலும் நன்மை. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் பெரியவருக்கு முதல் வரம்பு 50 கிராம். இரண்டாவது வரம்பு 25 கிராம். குறைவாக உண்ணும் பிள்ளைகளுக்கு இது இன்னும் குறையும். சற்று முன்னர் கூறிய அந்தப் பத்து ரூபாய்ப் பாக்கெட் இரண்டாவது வரம்பை ஏறத்தாழ முடித்துவிடுகின்றது. கோலா வகைப் பானம் 250 மில்லி குடித்தால் வரம்பு தாண்டிவிடுகின்றது.

தனிச்சர்க்கரை என்பது என்ன? தயாரிப்பவரோ சமைப்பவரோ சேர்க்கும் சர்க்கரையும், தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாகவே உள்ள சர்க்கரையும் ஆகும். முழுப்பழத்திலும் பாலிலும் இயற்கையாக உள்ளது இக்கணக்கில் சேராது. பழத்தை மென்று உண்ணும்போது அதன் நார்ச்சத்து சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கின்றது, வயிறும் நிறைந்துவிடுகின்றது. சாறாகப் பிழிந்தால் நான்கு ஆரஞ்சின் இனிப்பும் நான்கு மிடறில் உள்ளே போய்விடுகின்றது.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களைக் களைய வேண்டும். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை என்பது ஒன்று. வெல்லத்தில் சிறிதளவு தாதுப்பொருள் இருப்பது உண்மையே. ஆயினும் அதன் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். தேனில் நிவாரணம் இருப்பதாகக் குர்ஆன் கூறுவதால் (16:69) நீரிழிவு உள்ளவரும் அளவின்றி உண்ணலாம் என்பது மற்றொன்று. நிவாரணம் எதுவானாலும் அதற்கு அளவும் ஆளும் உண்டு. மருந்தை அளவின்றிக் குடிப்பவர் மருந்தை மதித்தவர் ஆகமாட்டார்.

சீனிக்குப் பல பெயர்கள்

பாக்கெட்டின் பின்பக்கத்தில் உட்பொருட்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை வந்தால் அப்பொருளில் சர்க்கரை கணிசமாக இருக்கக்கூடும் என்று அறியலாம். ஆனால் அது எப்போதும் தன் சொந்தப் பெயரில் வருவதில்லை. சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ், லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், கார்ன் சிரப், பழச்சாறு கான்சன்ட்ரேட் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பம். மால்டோ டெக்ஸ்ட்ரின் நாவுக்கு அவ்வளவாக இனிக்காது. ஆனால் இரத்தத்தில் சர்க்கரையை விரைவாக ஏற்றிவிடும். இவற்றில் மூன்று நான்கைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பார்ப்பவருக்கே மொத்தம் தெரியும்.

முன்பக்கத்தின் சொற்களும் அண்மைக் காலத்தில் கேள்விக்கு உள்ளாயின. போர்ன்விட்டா மாவில் உள்ள சர்க்கரையைப் பற்றி 2023 ஏப்ரலில் ஒருவர் வெளியிட்ட காணொளி நாடெங்கும் விவாதத்தை எழுப்பியது. நிறுவனம் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பவே அவர் அதை நீக்கிக்கொண்டார். ஆனால் விவாதம் நிற்கவில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆரோக்கிய பானம் என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதைக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் சுட்டிக்காட்டியது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அத்தலைப்பிலிருந்து நீக்குமாறு இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. எத்தனை ஆண்டுகள் நம் வீட்டுத் தாய்மார்கள் அந்தச் சொல்லை நம்பிப் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு கரண்டி போட்டார்கள்!

அதே மாதத்தில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பப்ளிக் ஐ என்ற அமைப்பு மற்றோர் ஆய்வை வெளியிட்டது. ஒரே நிறுவனத்தின் செரிலாக் குழந்தை உணவு ஐரோப்பிய நாடுகளில் சர்க்கரை சேர்க்கப்படாமலும், இந்தியாவில் ஒரு வேளைக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டும் விற்கப்படுகின்றது என்று அது கூறியது. தாங்கள் இந்தியச் சட்டத்தை மீறவில்லை என்றும் சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்து வருவதாகவும் நிறுவனம் விளக்கியது. பின்னர் சர்க்கரை சேர்க்காத வகைகளையும் அறிமுகப்படுத்தியது. சட்டம் மீறப்படவில்லை என்பது உலகில் ஒரு பதிலாகலாம். தமக்கு விரும்புவதையே தம் சகோதரருக்கும் விரும்பும்வரை ஈமான் நிறைவடையாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம், அந்தப் பதிலோடு நின்றுவிட இயலாது. ஐரோப்பியக் குழந்தைக்கு வேண்டாத சர்க்கரை நம் குழந்தைக்கு ஏன் என்ற கேள்வி நியாயமானதே.

சர்க்கரை இல்லாத இனிப்பு

நீரிழிவு வந்தவரும் இனிப்பை விட மனமில்லாதவரும் நாடுவது செயற்கை இனிப்பூட்டிகளை. இவற்றுள் மூத்தது சாக்ரின். 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தார் எண்ணெய்ப் பொருட்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஃபால்பெர்க் என்பவர், தம் கையில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று உணவில் பட்டு இனிப்பதை உணர்ந்தார். அவ்வாறு தற்செயலாக அது கண்டுபிடிக்கப்பட்டது. 1965இல் அஸ்பார்டேமும் அதேபோல் தற்செயலாகக் கிடைத்தது. சீனியைவிட அஸ்பார்டேம் சுமார் 200 மடங்கும், சாக்ரின் 300 மடங்குக்கு மேலும், சுக்ரலோஸ் சுமார் 600 மடங்கும் இனிப்பவை. ஆதலால் சிட்டிகை அளவே போதுமானது.

பாக்கெட்டில் இவை பெரும்பாலும் எண்களாக வரும். 950 அசிசல்ஃபேம் பொட்டாசியம், 951 அஸ்பார்டேம், 954 சாக்ரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா இலையிலிருந்து எடுக்கப்படுவது. இந்த ஐந்து எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இவற்றைப் பற்றி இரு துருவங்களாகச் செய்திகள் உலவுகின்றன. விஷம் என்கின்றார் ஒருவர். ஒரு தீங்கும் இல்லை என்கின்றார் மற்றவர். ஒரு செய்தி வந்தால் அதனைத் தீர விசாரித்துத் தெளிவு பெறுமாறு திருமறை (49:6) நமக்குக் கற்பிக்கின்றது. ஆகவே உள்ளதை உள்ளபடி பார்ப்போம்.

2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அஸ்பார்டேமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற வகையில் சேர்த்தது. சான்று குறைவாக உள்ளவற்றுக்கான வகை அது. அதே நாளில் உணவுச் சேர்மானங்களை ஆராயும் மற்றொரு வல்லுநர் குழு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றக் காரணமில்லை என்று அறிவித்தது. ஒரு பானக்குவளையில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருப்பதாகக் கொண்டால், 70 கிலோ எடையுள்ளவர் அவ்வரம்பை எட்ட 9 முதல் 14 குவளைகள் வேண்டும். ஆகவே ஒருமுறை குடித்துவிட்டவர் அஞ்சி நடுங்கத் தேவையில்லை. ஆனால் இதே கணக்கை 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள். வரம்பு 600 மில்லிகிராம். அதாவது இரண்டு அல்லது மூன்று குவளைகள். பெரியவருக்கு எட்டாத் தொலைவில் இருப்பது பிள்ளைக்கு ஒரு மாலைப்பொழுதில் எட்டிவிடும். ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உடையவர்களோ அஸ்பார்டேமை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

நம்மில் பலர் அறியாத மற்றொரு செய்தி முக்கியமானது. உடல் எடையைக் கட்டுப்படுத்தும் நோக்கத்தில் செயற்கை இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் பரிந்துரைத்தது. நீண்டகாலத்தில் அவை உடற்கொழுப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதும், தொடர்ந்து பயன்படுத்துவோரிடம் இரண்டாம் வகை நீரிழிவும் இதயநோயும் கூடுதலாகக் காணப்பட்டன என்பதும் அது கூறிய காரணங்கள். நோயுற்ற உடல்நிலை உடையவர்களே அவற்றை நாடியதாலும் இத்தொடர்பு தோன்றியிருக்கலாம் என்பதால், இது நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரையே என்றும் அந்நிறுவனம் கூறியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இப்பரிந்துரை பொருந்தாது. அவர்கள் தம் மருத்துவர் கூறுவதைப் பின்பற்ற வேண்டும்.

சர்க்கரை இல்லாதது என்று விற்கப்படும் அல்வாவையும் பிஸ்கட்டையும் பற்றியும் ஒரு வார்த்தை. சீனி இல்லையாயினும் மைதாவும் நெய்யும் அதிலே இருக்கின்றன. மைதா வயிற்றுக்குள் சென்று சர்க்கரையாகவே மாறுகின்றது. தேநீரில் சீனியை விட்டுவிட்ட பெரியவர், சர்க்கரை இல்லாதது என்று நம்பி அதே தேநீரோடு ஆறு பிஸ்கட் உண்டால் அவர் விட்டதுதான் என்ன? எல்லாவற்றுக்கும் மேலாக, இனிப்பூட்டி நாவின் பழக்கத்தை மாற்றுவதில்லை. மேலும் மேலும் இனிப்பைத் தேடும் நாவு அப்படியே இருக்கின்றது. நோன்பு நமக்குக் கற்றுத் தருவது ஆசையை ஆள்வது. ஆசைக்கு மாற்றுப்பொருள் தேடுவது அன்று.

உயிர்காக்கும் கரைசலின் பெயரில்

வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். கேட்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அட்டைப்பெட்டியில் அடைத்த, பழச்சுவையுள்ள ஒரு பானம் அவள் கையில் கொடுக்கப்படுகின்றது. பெயரில் அந்த மூன்று எழுத்துக்களும் இருக்கின்றன. ஆனால் உள்ளே இருப்பது இனிப்புப் பானம்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த உண்மையான கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும், அளந்து சேர்த்த பொட்டாசியமும் சிட்ரேட்டும் உண்டு. குடல் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்தே உறிஞ்சும். அவற்றோடு நீரும் உடலுக்குள் செல்லும். அந்த அளவு மாறிச் சர்க்கரை பல மடங்கானால், நீர் உடலிலிருந்து குடலுக்குள் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு மிகும். மருந்தென்று கொடுத்ததே நோயை வளர்க்கும்.

இதனை எதிர்த்து ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற பெண்மணி ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் போராடினார். நீதிமன்றத்தையும் நாடினார். இறுதியில் 2025 அக்டோபர் 14 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம், முன்னர் தான் அளித்திருந்த அனுமதிகளைத் திரும்பப் பெற்று, வகுக்கப்பட்ட கரைசல் அல்லாத எந்தப் பானத்தின் பெயரிலும் அந்த எழுத்துக்கள் இடம்பெறக் கூடாது என்று உத்தரவிட்டது. ஒரே ஒரு மனிதர் விடாமல் கேட்ட கேள்வி கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாயிற்று. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போலாவார் என்ற திருமறைப் போதனையை (5:32) ஓதி வரும் நாம், இத்தகைய பணியை யார் செய்தாலும் போற்றக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆகவே தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டியது: ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் தூள் பொட்டலத்தையே கேட்டு வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி என்று அதில் அச்சிட்டிருக்கின்றதா என்று பாருங்கள். கொதித்து ஆறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை சோர்ந்து கண் குழிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

வணிகப் பெருமக்களுக்கு

பெரிய கடைவீதியிலும் பாலக்கரையிலும் சத்திரம் பேருந்து நிலையப் பகுதியிலும் மளிகையும் பேக்கரியும் குளிர்பானக் கடையும் நடத்தும் சகோதரர்கள் நம் ஜமாஅத்துகளில் ஏராளம். வாய்மையும் நம்பகமும் உள்ள வணிகரின் சிறப்பு நபிமொழிகளில் மிக உயர்வாகப் பேசப்படுகின்றது. அளவில் மோசடி செய்வோருக்கான எச்சரிக்கையோ ஓர் அத்தியாயத்தின் தொடக்கமாகவே அமைந்துள்ளது (83:1-3). தராசில் குறைப்பது மட்டுமா மோசடி? தேன் என்று சொல்லிச் சர்க்கரைப் பாகை விற்பதும் மோசடியே. 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனை ஆராய்ந்து வெளியிட்ட முடிவில், எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே என்று கூறியது. குர்ஆன் நிவாரணம் என்று சிறப்பித்த பொருளிலேயே இந்த நிலை!

2017 மார்ச்சில் தமிழக வணிகர் சங்கங்கள் அந்நிய குளிர்பானங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்ததை நாம் அறிவோம். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் எழுச்சியும் ஆற்றுநீர் பற்றிய கவலையும் அதற்குப் பின்னணி. வணிகர்கள் ஒன்றுபட்டால் கடையின் அடுக்கே மாறும் என்பதை அது காட்டியது. ஆனால் அந்த இடத்தில் வந்து அமர்ந்த உள்நாட்டுப் பானங்களிலும் சர்க்கரை இருந்தது. பாட்டிலின் ஊரும் பெயரும் மாறினாலும் கணையத்திற்கு அது தெரியாது. எனவே நம் வணிகர்கள் மற்றொரு வகையில் முடிவெடுக்கலாம். கேட்கும் தாய்க்கு எது ஓ.ஆர்.எஸ்., எது அல்ல என்று உண்மையைச் சொல்லலாம். பள்ளிக்கூட வாசலில் கடை வைத்திருப்பவர், பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே இருக்கும் அடுக்கில் கடலை உருண்டையையும் வாழைப்பழத்தையும் வைக்கலாம். இலாபம் சிறிது குறையலாம்; பரக்கத் குறையாது.

இல்லத்திலும் பள்ளிவாசலிலும்

தம் கரங்களாலேயே தம்மை அழிவில் போட்டுக்கொள்வதைத் திருமறை தடுக்கின்றது (2:195). உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் கற்பித்தார்கள். வயிற்றை மூன்றாகப் பிரித்து உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் இடம் விடச் சொன்னார்கள். இவற்றைச் செயலாக்கப் பெரும் செலவு எதுவும் தேவையில்லை.

முதலாவதாக, வாங்கும் முன் பாக்கெட்டைத் திருப்புங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நூறு கிராமில் சர்க்கரை எவ்வளவு, நான் உண்பது எத்தனை கிராம் என்ற இரண்டு கேள்விகள் போதும். ஒரு மாதத்தில் பிள்ளையே வீட்டின் காவலனாகிவிடுவான்.

இரண்டாவதாக, தாகத்திற்குத் தண்ணீர், மோர், இளநீர் என்ற பழக்கத்தை மீட்டெடுங்கள். வாழை ஆராய்ச்சிக்கென்று தேசிய மையமே 1993 முதல் நம் திருச்சியில் இயங்குகின்றது; அந்த அளவு வாழை விளையும் ஊரில் பிள்ளையின் மாலை உணவுக்குப் பஞ்சமில்லை. தேநீரில் சீனியை ஒரே நாளில் விட இயலாதவர் வாரத்திற்குக் கால் கரண்டியாகக் குறைக்கலாம். நாவு விரைவிலேயே பழகிவிடும்.

மூன்றாவதாக, இஃப்தார். நபியவர்கள் பேரீச்சங்கனிகளால் நோன்பு திறந்தார்கள். அவை இல்லாதபோது சில மிடறு தண்ணீரால் திறந்தார்கள். நாமோ பேரீச்சம்பழத்துடன் ரோஸ் மில்க், சர்பத், பாக்கெட் பானம், ஜிலேபி என்று அடுக்குகின்றோம். பதின்மூன்று மணி நேரம் வெறுமையாக இருந்த உடலில் பத்து நிமிடத்தில் இவ்வளவு சர்க்கரையும் இறங்குகின்றது. அடுத்த ரமளானில் நம் பள்ளிவாசல்களில் பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி, பழத்துண்டுகள் என்று அமைத்துக்கொள்ள நிர்வாகிகள் ஆலோசிக்க வேண்டுகின்றேன். நன்மையை நாடிப் பானம் வாங்கித் தரும் செல்வந்தர்கள் அதே பணத்தில் தர்ப்பூசணி வாங்கித் தரட்டும். கூலி குறையாது, இன்ஷா அல்லாஹ். நீரிழிவு உள்ளவர்கள் ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் சென்று, நோன்பு வைக்கலாமா, மருந்து நேரத்தை எவ்வாறு மாற்றுவது என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

நான்காவதாக, மக்தப் மத்ரஸாக்கள். ஸூரா மனனம் செய்த பிள்ளைக்கு உற்சாகமூட்ட மிட்டாயையும் பாக்கெட் பானத்தையும் கொடுக்கின்றோம். பேனாவோ, நோட்டுப் புத்தகமோ, பழமோ கொடுக்கலாமே! குர்ஆனின் இனிமையைச் சீனியோடு சேர்த்துத்தான் ஊட்ட வேண்டும் என்பதில்லை.

சகோதரர்களே! மறுமையில் நாம் அனுபவித்த அருட்கொடைகள் குறித்து நிச்சயமாக விசாரிக்கப்படுவோம் என்று தகாஸுர் அத்தியாயம் எச்சரித்து முடிகின்றது (102:8). உணவு ஓர் அருட்கொடை. அதை உண்ணும் உடலும் ஓர் அருட்கொடை. நம் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளையின் உடலோ அருட்கொடையும் அமானிதமும் ஆகும். தன் வாயில் போவது என்னவென்று அறியாத வயதில் அப்பிள்ளை நம் கையை நம்பி வாய் திறக்கின்றது. அந்தக் கை, பாக்கெட்டின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துப் பிரித்ததா, பின்பக்கத்தையும் பார்த்ததா என்ற கேள்விக்கு நாம் விடை வைத்திருக்க வேண்டும். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபியின் உம்மத் நாம். மேற்புறத்தைக் கண்டு ஏமாறுவது நமக்கு அழகன்று.

யா அல்லாஹ்! எங்கள் உணவை ஹலாலானதாகவும் தய்யிபானதாகவும் ஆக்குவாயாக! நீரிழிவாலும் அதன் துணை நோய்களாலும் துன்புறுவோருக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவாயாக! எங்கள் வணிகத்தில் வாய்மையையும் எங்கள் இல்லங்களில் அளவறிந்து வாழும் பண்பையும் நிலைக்கச் செய்வாயாக! எங்கள் பிள்ளைகளை உடல் நலமும் ஈமானின் பலமும் உள்ளவர்களாக வளர்க்க எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன்.